முதல் செமஸ்டர் கால்குலஸ்: இரண்டாவது மாறி வந்ததும் எழும் கேள்விகள்

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் முதலாண்டு சேர்ந்தவர்கள் வருடா வருடம் என்னிடம் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். 2021 ஒழுங்குமுறையில் (ரெகுலேஷனில்) முதல் செமஸ்டரில் வரும் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' பாடத்தை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன், ஆனால் வேறு ஒழுங்குமுறையில் படிப்பவர்களுக்கும் கணக்கு அதேதான், யூனிட் வரிசைதான் மாறும். முன்னமே சொல்லிவிடுகிறேன், நான் முதலாண்டுக் கணக்கில் அரியர் வைத்துப் பிறகு எழுதிப் பாஸானவன். அதனால் எங்கே வழுக்கும் என்பது கொஞ்சம் நன்றாகவே தெரியும்.

பன்னிரண்டாம் வகுப்பிலேயே கால்குலஸ் முடித்துவிட்டோமே, இதில் புதிதாக என்ன இருக்கிறது?

பாதி பழையதுதான். தமிழ்நாடு பாடத்திட்டத்தில் படித்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் எட்டாவது அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள், 'வகையீடுகள் மற்றும் பகுதி வகைக்கெழுக்கள்' என்று இருக்கும். பார்ஷியல் டெரிவேடிவ், ஆய்லர் தேற்றம் இரண்டும் அங்கேயே வந்துவிட்டன. பொதுத்தேர்வு அவசரத்தில் பலர் அதை ஒரு மார்க் கேள்விக்காக மட்டும் புரட்டியிருப்பார்கள், அது வேறு கதை.

புதியது என்னவென்றால், இதுவரை ஒரு கோட்டின் மேல் நடந்தீர்கள், முன்னால் போகலாம் அல்லது பின்னால் போகலாம். இப்போது உங்களை ஒரு மைதானத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், எந்தத் திசையிலும் போகலாம். வகையிடல் விதிகள் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் எந்தத் திசையில் போகிறோம், மைதானம் எங்கே முடிகிறது என்ற இரண்டு கேள்விகள் புதிதாக முளைக்கின்றன, இந்தப் பாடத்தில் பெரும்பாலான தலைவலி இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது.

உண்மையிலேயே கஷ்டமான பாடமா, சீனியர்கள் பயமுறுத்துகிறார்களா?

இரண்டும் உண்மை. பேப்பர் திருத்தி வந்ததும் எங்கே மார்க் போயிற்று என்று பார்த்தால், தொகையிடத் தெரியாமல் போனவர்கள் குறைவு. தொகையீட்டின் எல்லைகளைத் தப்பாகப் போட்டவர்கள்தான் அதிகம், என்னையும் சேர்த்து. எல்லை தப்பாக இருந்தால் அதற்குப் பிறகு இரண்டு பக்கம் எவ்வளவு அழகாகக் கணக்குப் போட்டாலும் அது பக்கத்து ஊரின் பரப்பளவுதான். எல்லை தப்பாவதற்கு ஒரே காரணம் படம் போடாதது. இந்தப் பக்கம் முழுக்க நான் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், சலிப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

அந்த 'டோ' எதற்கு? சாதாரண 'டி' போட்டால் என்ன?

வளைந்த டி-யை நம் ஊரில் 'டோ' என்று படிக்கிறோம். லெஜெண்டர் 1786-இல் இந்தக் குறியை இப்போதைய பொருளில் பயன்படுத்தினார், ஆனால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, 1841-இல் ஜேக்கோபி மறுபடி எடுத்துக்கொண்ட பிறகுதான் அது நிலைத்தது. ஆக இரண்டாம் யூனிட்டில் டி, மூன்றாம் யூனிட்டில் டோ என்று உங்களைக் கடுப்பேற்றுவதற்காக யாரும் வைக்கவில்லை.

டோ போட்டால் "மற்ற மாறிகளை அசையாமல் பிடித்துக்கொண்டேன்" என்று பொருள். சமையலறையில் உப்பை மாற்றாமல் புளியை மட்டும் கூட்டிப் பார்த்துக் குழம்பின் ருசி எவ்வளவு மாறுகிறது என்று சொல்வது பார்ஷியல் டெரிவேடிவ். புளியும் உப்பும் இரண்டுமே நேரத்தோடு சேர்ந்து மாறினால், நேரத்தைப் பொறுத்து மொத்த மாற்றம் என்ன என்பது டோட்டல் டெரிவேடிவ், அங்கே டி வரும். விடைத்தாளில் டி, டோ இரண்டையும் கலந்து எழுதினால் சில பேர் மார்க் குறைப்பார்கள், அதில் நியாயம் உண்டு.

இரண்டு மாறி லிமிட் ஏன் குழப்புகிறது?

கோட்டின் மேல் ஒரு புள்ளியை இடமிருந்தும் வலமிருந்தும்தான் நெருங்க முடியும். தளத்தில் வழிகளுக்குக் கணக்கே இல்லை. மேலே எக்ஸ்ஒய், கீழே எக்ஸ் ஸ்கொயர் + ஒய் ஸ்கொயர் என்ற பின்னத்தை எடுத்துக்கொண்டு ஆதிப்புள்ளியை நோக்கிப் போங்கள். எக்ஸ் அச்சின் மேல் நடந்தால் 0 வரும். ஒய் அச்சிலும் 0 வரும். சரி, லிமிட் 0 என்று எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஒய் = எக்ஸ் என்ற குறுக்குக் கோட்டில் போனால் 1/2 வருகிறது. ஒரே ஊருக்கு இரண்டு வழியில் போய் இரண்டு வேறு உயரத்தில் நின்றால் அப்படி ஓர் இடமே இல்லை என்று அர்த்தம், அதாவது லிமிட் கிடையாது. பரீட்சையில் இது அதிகம் வராது, ஆனால் மைதானம் என்று நான் சொன்னது இதில்தான் நன்றாகப் புரியும்.

ஆய்லர் தேற்றம்?

சுலபமான மார்க், விடாதீர்கள். யு என்பது என் படி கொண்ட சமபடித்தான சார்பு என்றால், எக்ஸ் டோ யு/டோ எக்ஸ் + ஒய் டோ யு/டோ ஒய் = என் யு, அவ்வளவுதான் தேற்றம். ஒரே எச்சரிக்கை: டேன் இன்வர்ஸ் மாதிரி ஏதாவது வெளியே சுற்றியிருந்தால் யு சமபடித்தான சார்பு ஆகாது, டேன் யு-தான் ஆகும். உள்ளே எக்ஸ் கியூப் + ஒய் கியூப் மேலே, எக்ஸ் − ஒய் கீழே என்று இருக்கும் அந்தப் பிரபலமான கேள்வியில் இந்தக் கூட்டலுக்கு விடை சைன் 2யு. படி 2 என்று பார்த்தவுடன் விடை 2யு என்று எழுதியவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

பெருமம், சிறுமம் தெரியும். சேடில் பாயிண்ட் என்பது என்ன?

மலைக்கணவாயில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். காலடியில் தரை சமமாக இருக்கிறது. சாலையின் முன்னாலும் பின்னாலும் இறக்கம், இடமும் வலமும் மலை ஏறுகிறது. இதைப் பெருமம் என்றும் சொல்ல முடியாது, சிறுமம் என்றும் சொல்ல முடியாது. குதிரையின் சேணத்துக்கு அந்த வடிவம் இருப்பதால் அந்தப் பெயர்.

நம் புத்தகங்களில் இரண்டாம் வரிசைப் பார்ஷியல் டெரிவேடிவ்களை ஆர் (இரண்டு முறையும் எக்ஸ்), எஸ் (எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று), டி (இரண்டு முறையும் ஒய்) என்று எழுதி, ஆர்டி − எஸ் ஸ்கொயர் என்ற ஒன்றைக் கணக்கிடச் சொல்வார்கள். அது நெகட்டிவ் என்றால் நீங்கள் கணவாயில் நிற்கிறீர்கள். பாசிட்டிவ் என்றால் உச்சியிலோ பள்ளத்திலோ நிற்கிறீர்கள், எது என்பதை ஆர்-இன் குறி சொல்லும்: நெகட்டிவ் என்றால் உச்சி, பாசிட்டிவ் என்றால் பள்ளம். பூஜ்யம் என்றால் இந்தச் சோதனை எதுவும் சொல்லாது, "மேலும் ஆராய வேண்டும்" என்று எழுத வேண்டியதுதான். ஸ்டேஷனரி புள்ளிகளை (முதல் பார்ஷியல் டெரிவேடிவ் இரண்டும் பூஜ்யமாகும் இடங்களை) கண்டுபிடிக்கும்போது ஒன்றிரண்டை விட்டுவிடுவதுதான் இதில் நடக்கும் வழக்கமான விபத்து. சமன்பாட்டின் இரு பக்கமும் எக்ஸ் இருக்கிறதே என்று அடித்துவிடுவார்கள், எக்ஸ் = 0 என்ற தீர்வும் அதோடு சேர்ந்து போய்விடும்.

நிபந்தனையோடு பெருமம், சிறுமம் காணும் லெக்ராஞ்ச் முறை வேலை செய்கிறது, ஆனால் ஏன் என்று தெரியவில்லை.

புயல் சமயத்தில் வானிலை வரைபடத்தில் அழுத்தக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள், ஒரே அழுத்தம் உள்ள இடங்களைச் சேர்த்து வளையம் வளையமாகப் போட்டிருப்பார்கள். கோடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் காற்று பலமாக அடிக்கும். எந்த இரண்டு மாறிச் சார்புக்கும் அப்படி வளையங்கள் வரையலாம். அந்த வளையத்துக்குச் செங்குத்தாக, சார்பு அதிவேகமாகக் கூடும் பக்கம் காட்டும் அம்புதான் கிரேடியன்ட்.

இப்போது நிபந்தனை என்பது ஒரு வேலி, அந்த வேலி ஓரமாகத்தான் நடக்க முடியும். நடக்க நடக்க வளையங்களைக் கடந்து மேலே ஏறுகிறீர்கள். எந்த இடத்தில் வேலி ஒரு வளையத்தை வெட்டாமல் தொட்டுக்கொண்டு மட்டும் போகிறதோ அங்கேதான் இனி ஏற முடியாது. தொட்டுக்கொண்டு போனால் இரண்டுக்கும் செங்குத்து அம்புகள் ஒரே கோட்டில் இருக்கும், ஒன்று மற்றதன் மடங்காக. அந்த மடங்குதான் லாம்டா. அவ்வளவுதான்.

மேல்மூடி இல்லாத செவ்வகப் பெட்டி, கொள்ளளவு 32 கன அடி, தகடு மிகக் குறைவாகச் செலவாக வேண்டும் என்ற கேள்வியைப் போடாத கல்லூரி இல்லை. நீளம் 4, அகலம் 4, உயரம் 2. விடையை மனப்பாடம் செய்வதைவிட, உயரம் ஏன் பாதியாக வருகிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். இரண்டு பெட்டிகளை வாய்க்கு வாய் கவிழ்த்து வைத்தால் 4க்கு 4க்கு 4 என்ற கனசதுரம் கிடைக்கிறது.

இரட்டைத் தொகையீட்டில் எல்லை போடுவது எப்படி?

இதுதான் இந்தப் பாடத்தின் உயிர்நாடி. தமிழில் எல்லை என்ற சொல் கணக்குக்கு முன்பே ஊருக்கு இருந்தது. எல்லைச்சாமி எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் ஊரை அளக்க முடியாது, இங்கேயும் அதே நிலைமைதான்.

முதலில் கொடுத்த வளைவுகளை வரைந்துவிடுங்கள், அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. வெட்டும் புள்ளிகளைக் குறியுங்கள். அப்புறம் பகுதிக்குள் ஒரு மெல்லிய பட்டை போடுங்கள், நின்ற பட்டையா படுத்த பட்டையா என்பது உங்கள் விருப்பம். நின்ற பட்டை என்றால் ஒய் முதலில்: பட்டையின் கீழ்முனை எந்த வளைவைத் தொடுகிறது, மேல்முனை எதைத் தொடுகிறது, அவைதான் உள் எல்லைகள். பிறகு அந்தப் பட்டையை இடமிருந்து வலமாக நகர்த்தினால் எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிகிறது என்பது வெளி எல்லை. வெளி எல்லையில் எப்போதும் எண்தான் வரும். அங்கே எக்ஸோ ஒய்யோ உட்கார்ந்திருந்தால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது, மேலே போகாமல் நிறுத்துங்கள். இந்த ஒரு சோதனை பல 16 மார்க்கைக் காப்பாற்றியிருக்கிறது.

சேஞ்ச் ஆஃப் ஆர்டர் (தொகையிடும் வரிசையை மாற்றுவது) வந்தாலே தப்பாகிறது. எக்ஸையும் ஒய்யையும் இடம் மாற்றினால் போதாதா?

போதாது. என் அரியருக்குக் காரணமே இதுதான். எல்லைகளை அப்படியே தூக்கி இடம் மாற்றி வைத்துவிட்டு, விடையில் எக்ஸ் மிச்சம் நின்றதைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தேன்.

எல்லோருக்கும் தெரிந்த கேள்வி ஒன்றை எடுப்போம். தொகைக்குள் இருப்பது எக்ஸ்ஒய். ஒய்யின் எல்லை எக்ஸ் ஸ்கொயர் முதல் 2 − எக்ஸ் வரை, எக்ஸின் எல்லை 0 முதல் 1 வரை. படம் போட்டால் இடப்பக்கம் ஒய் அச்சு, கீழே பரவளையம், மேலே சாய்ந்து இறங்கும் நேர்கோடு, இரண்டும் 1, 1 என்ற புள்ளியில் சந்திக்கின்றன. கொடுத்திருப்பது நின்ற பட்டை. இப்போது படுத்த பட்டை போடுங்கள். ஒய் 1-க்குக் கீழே இருக்கும்போது பட்டையின் வலமுனை பரவளையத்தில் முட்டுகிறது, 1-க்கு மேலே போனால் நேர்கோட்டில் முட்டுகிறது. அதனால் இரண்டு துண்டாகப் பிரித்தே ஆக வேண்டும், எந்தக் குறுக்குவழியும் கிடையாது. முதல் துண்டில் எக்ஸ் 0 முதல் ரூட் ஒய் வரை, ஒய் 0 முதல் 1 வரை, மதிப்பு 1/6. இரண்டாவதில் எக்ஸ் 0 முதல் 2 − ஒய் வரை, ஒய் 1 முதல் 2 வரை, மதிப்பு 5/24. கூட்டினால் 3/8. கொடுத்த வரிசையிலேயே நேராகப் போட்டுப் பாருங்கள், அதுவும் 3/8 வரும். ரஃப் ஒர்க்கில் இப்படிச் சரிபார்த்துக்கொள்ள ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இதை எதற்காக மாற்ற வேண்டும், நேராகவே வருகிறதே என்று கேட்டால், அந்தக் கணக்குக்கு மாற்றத் தேவையில்லைதான், பயிற்சிக்காக வைத்தது. தேவைப்படும் இடம் வேறு. இ பவர் மைனஸ் ஒய், அதை ஒய்யால் வகுத்தது, ஒய் எக்ஸ் முதல் முடிவிலி வரை, எக்ஸ் 0 முதல் முடிவிலி வரை. கொடுத்த வரிசையில் உள் தொகையீட்டை நமக்குத் தெரிந்த எந்தச் சூத்திரத்தாலும் போட முடியாது. வரிசையை மாற்றினால் எக்ஸ் 0 முதல் ஒய் வரை ஓடுகிறது, அது ஒரு ஒய்யைக் கொடுக்கிறது, கீழே இருக்கும் ஒய் அடிபடுகிறது, விடை 1. பூட்டிய கதவு என்று நினைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தோம், இழுக்க வேண்டிய கதவாக இருந்தது.

போலாரில் (மையத்திலிருந்து தூரம் ஆர், கோணம் தீட்டா) டிஆர் டிதீட்டாவுக்கு முன்னால் அந்த ஆர் எங்கிருந்து வருகிறது? எப்போதும் மறந்துவிடுகிறேன்.

தோசையை நடுவிலிருந்து துண்டு போட்டுப் பாருங்கள். ஒரே கோணம்தான், ஆனால் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு மாவு கொஞ்சம், ஓரத்தில் அதே விரல் அகலத்துக்கு மாவு நிறைய. மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறோமோ அவ்வளவு மடங்கு பரப்பு கூடுகிறது, அதுதான் ஆர்.

அந்த ஆர் தொல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இ பவர் மைனஸ் எக்ஸ் ஸ்கொயர் என்பதை 0 முதல் முடிவிலி வரை ஒரு மாறியில் தொகையிட உட்கார்ந்தால் பிரதியிடல், பகுதித் தொகையிடல் எதுவும் உதவாது. அதையே ஒய்யிலும் ஒன்று எழுதி இரண்டையும் பெருக்கி, போலாருக்கு மாறினால் ஆர் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆர் இருப்பதால்தான் ஆர் ஸ்கொயரைப் பிரதியிட முடிகிறது, இரட்டைத் தொகையீடு பை/4 என்று முடிகிறது, கேட்டது அதன் வர்க்கமூலம், ரூட் பை/2. ஒரு மாறியில் அடைத்துக் கிடந்த கணக்கு இரண்டாவது மாறியைக் கூப்பிட்டதும் திறந்துகொண்டது. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஜேக்கோபியன்?

அதே தோசைக் கதைதான், பொதுவாக்கப்பட்டது. மாறிகளை மாற்றும்போது பரப்பு எத்தனை மடங்கு நீள்கிறது அல்லது சுருங்குகிறது என்று சொல்லும் அணிக்கோவை. கோள ஆயங்களில் ஆர் ஸ்கொயர் சைன் தீட்டா வரும். போகும் வழி ஜேக்கோபியனையும் திரும்பும் வழி ஜேக்கோபியனையும் பெருக்கினால் 1, இது இரண்டு மார்க் கேள்வி.

மூன்றாம் யூனிட், ஐந்தாம் யூனிட் இரண்டையும் விட்டுவிட்டால் பாஸாக முடியுமா?

கணக்கைப் பார்ப்போம். மொத்தம் 100: பத்து இரண்டு மார்க், ஐந்து 16 மார்க். யூனிட்டுக்கு 20 வருகிறது. பல மாறிக் கால்குலஸ் என்பது இந்த இரண்டு யூனிட்தான், அதாவது 40 மார்க். 2021 ஒழுங்குமுறையில் செமஸ்டர் பரீட்சையில் குறைந்தது 45 சதவீதம், இன்டர்னலோடு சேர்த்து 50 சதவீதம் வேண்டும். சரியாக 45 எடுத்தால் அது 60-க்கு 27 ஆகும், இன்டர்னலில் 40-க்கு 23 இருந்தால்தான் தப்பிக்க முடியும். மீதி 60 மார்க்கில் 45 எடுப்பது காகிதத்தில் முடியும். பரீட்சை ஹாலில் நான்காவதான இன்டெக்ரல் கால்குலஸ் யூனிட்டும் கையை விட்டால் அவ்வளவுதான், பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

ஐந்தாம் யூனிட் கடைசியில் வருவதால் வகுப்பில் அவசரமாக முடிப்பார்கள், அதுதான் உண்மையான சிக்கல். மூன்றாவது மாதத்துக்காகக் காத்திருக்காமல் எல்லை போடும் பழக்கத்தை மட்டும் முன்கூட்டியே தொடங்குங்கள். தொகையிட வேண்டாம், தினம் இரண்டு பகுதிகளை வரைந்து, இரண்டு வரிசையிலும் எல்லை எழுதிவிட்டு மூடிவிடுங்கள்.

முந்தைய வருடக் கேள்விகளை மனப்பாடம் செய்தால் போதும் என்கிறார்களே?

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பெட்டிக் கணக்கும், கோளத்தின் கனஅளவும், எக்ஸ்/ஏ + ஒய்/பி + இசட்/சி = 1 என்ற தளம் வெட்டும் நான்முகியின் கனஅளவும் (ஏபிசி/6) திரும்பத் திரும்ப வருவது உண்மை. போட்டுப் பழகுங்கள், தப்பில்லை. ஆனால் எண் ஒன்று மாறினால், அல்லது முழுக் கோளத்துக்குப் பதில் முதல் எண்மம் (ஆக்டன்ட், எட்டில் ஒரு பங்கு) மட்டும் என்றால், மனப்பாடம் கழன்றுவிடும். லோக்கல் ஆதர் புத்தகத்தில் படமே இல்லாமல் நேராக எல்லையை எழுதியிருப்பார்கள். அந்தப் படத்தை ஓரத்தில் நீங்களே வரைந்து வையுங்கள்.

நான் தமிழ் வழி. பாதி வார்த்தை புரியவில்லை.

உங்களுக்குக் கணக்கு தெரியும், பெயர்தான் மாறியிருக்கிறது. வகைக்கெழு டெரிவேடிவ், தொகையீடு இன்டெக்ரல், பெருமம் மேக்ஸிமம், சமபடித்தான சார்பு ஹோமோஜீனியஸ் ஃபங்ஷன். பழைய பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள், அரசு இரண்டையும் இலவசமாக இணையத்தில் போட்டிருக்கிறது, ஒரு வாரத்தில் பழகிவிடும். விடைத்தாளில் நீளமான ஆங்கில வாக்கியம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. படம், எல்லை, படிகள், விடை இருந்தால் போதும்.

கால்குலேட்டர், சாட்ஜிபிடி?

எல்லார் பையிலும் இருக்கும் காசியோ 991 எம்எஸ் ஒரு மாறித் தொகையீட்டை எண்ணாகப் போட்டுக் கொடுக்கும். உள் தொகையீட்டை நீங்கள் முடித்த பிறகு கடைசி வரியைச் சரிபார்க்க அது அருமையான வழி. சாட்ஜிபிடியிடம் விடை கேட்பதைவிட, உங்கள் எல்லைகளைக் கொடுத்து "இது எந்தப் பகுதி" என்று கேளுங்கள், பிறகு அது சொல்வதையும் படம் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் தப்பு விடும்.

நல்ல வீடியோ இருக்கிறதா?

எம்ஐடி-யின் 18.02 பாடத்தை 2007-இல் டெனிஸ் ஓரூ நடத்தியது ஓப்பன் கோர்ஸ்வேரில் இலவசமாக இருக்கிறது, 35 வகுப்புகள். கரும்பலகையில் நிதானமாகப் படம் போட்டுச் சொல்வார். ஆங்கிலம் பயமாக இருந்தால் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். நம் பரீட்சைக்கு நேரடியாக உதவாத பகுதிகளும் உண்டு, இரட்டைத் தொகையீட்டு வகுப்புகளை மட்டுமாவது பாருங்கள்.

வெக்டர் கால்குலஸ் எங்கே போயிற்று?

2017 ஒழுங்குமுறையில் இரண்டாம் செமஸ்டர் கணக்கில் இருந்தது. 2021 ஒழுங்குமுறையின் முதல் செமஸ்டர் பாடத்தில் இல்லை. ஆனால் இசிஇ, டிரிபிள்இ எடுத்தவர்கள் தப்பிக்க முடியாது, எலக்ட்ரோமேக்னெடிக் ஃபீல்ட்ஸ் பாடத்தில் முதல் வாரமே டெல், டைவர்ஜென்ஸ், கர்ல் என்று தொடங்கிவிடுவார்கள்.

வெக்டர் கால்குலஸ் தேற்றங்களில் கிரீன், ஸ்டோக்ஸ் என்று இரண்டு பெயர்கள் வரும். கிரீன் என்பவர் நாட்டிங்ஹாம் பக்கத்தில் ஸ்னெய்ன்டன் என்ற இடத்தில் அப்பாவின் காற்றாலையில் மாவு அரைத்துக்கொண்டிருந்தவர், பள்ளிப்படிப்பு மிகக் கொஞ்சம். 1828-இல் தானே ஒரு கட்டுரையை அச்சடித்து வெளியிட்டார், கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேரும்போது வயது 40. ஸ்டோக்ஸ் தேற்றத்தின் கதை இன்னும் வேடிக்கை. கெல்வின் 1850-இல் ஸ்டோக்ஸுக்கு எழுதிய கடிதத்தில் அது இருந்தது, ஸ்டோக்ஸ் அதை 1854-இல் கேம்பிரிட்ஜின் ஸ்மித் பரிசுத் தேர்வில் கேள்வியாகக் கேட்டுவிட்டார். அந்த வருடம் பரீட்சை எழுதியவர்களில் ஒருவர், பின்னால் மின்காந்தச் சமன்பாடுகளைத் தந்த மேக்ஸ்வெல். நம் கேள்வித்தாளே பரவாயில்லை.

ஐடி வேலைக்குப் போகப் போகிறேன், இதெல்லாம் எதற்கு?

வெப் டெவலப்மென்ட் என்றால் அநேகமாகத் தேவைப்படாது, பொய் சொல்ல விரும்பவில்லை. மெஷின் லேர்னிங் பக்கம் போனால் மூன்றாம் யூனிட் முழுக்கத் திரும்பி வரும். மாடலைப் பயிற்றுவிப்பது என்றால் பிழையைக் குறைக்கக் கிரேடியன்ட்டின் எதிர்ப்பக்கம் சின்னச் சின்ன அடியாக இறங்குவதுதான். 1847-இல் கோஷி சொன்ன முறை அது, இப்போது கோடிக்கணக்கான மாறிகளில் ஓடுகிறது. மெக்கானிக்கல், சிவில் என்றால் ஐந்தாம் யூனிட்டின் மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா அடுத்த வருடமே வாசலில் வந்து நிற்கும்.

அரியர் விழுந்துவிட்டது. வீட்டில் எப்படிச் சொல்வது?

ரிசல்ட் வந்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் மூன்று வாரம் மறைத்தேன், கடைசியில் சித்தப்பா மகன் மூலமாகத் தெரிந்து இரண்டு திட்டு வாங்கினேன், ஃபெயிலானதற்கு ஒன்று, மறைத்ததற்கு ஒன்று.

அப்புறம் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து வாங்கிப் பாருங்கள், மறுமதிப்பீட்டில் மார்க் கூடுமோ கூடாதோ, எங்கே போயிற்று என்று தெரியும். என்னுடையதில் ஐந்தாம் யூனிட் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியிருந்தேன். மூன்று பக்கத்திலும் ஒரு படம்கூட இல்லை.